யாருக்கும் எதுவும் மாறாது

நொயெல்லா பெல்ஷா தன் ஆயுளில் எழுதியவற்றில் மிக அதிகம் பேர் படித்தது ஒரு சின்னப் பத்தி. சட்டமன்றக் குழு அறையில், ஒரு கையில் கோட்டை மாட்டிக்கொண்டு, மறு கையால் அதை எழுதினாள். மலைக்கணவாயில் பனி கொட்டப்போகிறது என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் வீடு போய்ச் சேரவேண்டுமே என்ற ஒரே கவலைதான் அப்போது அவளுக்கு. பத்தியின் கடைசி வாக்கியம் இது: "இந்த மசோதா நம் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை வாஷிங்டன் சட்டத்தோடு ஒத்துப்போகச் செய்கிறது, இதனால் யாருக்கும் எதுவும் மாறாது."

வாஷிங்டன் என்றால் எங்களுக்கு மத்திய அரசு. எழுதி, கையெழுத்துப் போட்டு, படபடவென்று கிளம்பிவிட்டாள். இரண்டு மாதம் கழித்து அந்த வாக்கியம் அவள் கழுத்தைப் பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

அவள் அரசியல்வாதி இல்லை. லாம்சன் ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். ஊரில் இன்று பிள்ளை பெற்றிருக்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவள் வண்டியில் மூக்கொழுகிக்கொண்டு போனவர்கள்தான். மிஸஸ் பி என்று அவள் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் குழந்தைகூட அழுகையை நிறுத்தும். சட்டமன்றத் தேர்தலுக்கு நின்ற ஒரே ஆள் கடைசி வாரத்தில் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு ஃபுளோரிடாவுக்குப் போய்விட, ஊரார் வாக்குச்சீட்டில் நொயெல்லாவின் பெயரைக் கையால் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறிய ஒரு சிறுமி, "மிஸஸ் பி, நீங்க ஜெயிச்சிட்டீங்களாமே!" என்றபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. பிரேக்கை அவள் மிதித்த வேகத்தில் பின்சீட்டில் இருந்த சாப்பாட்டு டப்பாவெல்லாம் முன்னால் உருண்டு வந்தது.

எங்கள் மாநிலத்துச் சட்டமன்றம் அப்படித்தான். அங்கே சவ அடக்கம் செய்கிறவர் இருக்கிறார், முடிவெட்டுகிறவர் இருக்கிறார், மேப்பிள் மரத்துச் சாறெடுத்துப் பாகு காய்ச்சுகிறவர் இருக்கிறார். கிடைக்கிற சம்பளம் பெட்ரோலுக்குக்கூடக் காணாது. கூட்டம் நடக்கும் நாட்களில் நொயெல்லாவின் பஸ்ஸை வேறு ஆள் ஓட்டுவார். அவள் காப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்திருப்பாள். ஏன் காப்பீட்டுக் குழு என்று கேட்டால், அதில்தான் இடம் காலியாக இருந்தது.

அந்த மன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. குழுவில் ஒருவர்கூட எதிர்க்காத மசோதா என்றால் அதை மறுப்பில்லாப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பட்டியலை யாரும் விவாதிக்க மாட்டார்கள். குழுவில் ஒருவர் ஒரு சின்னப் பத்தி எழுதித் தருவார். மற்றவர்கள் மசோதாவைப் படிக்கவேண்டியதில்லை, அந்தப் பத்தியைப் பார்த்தால் போதும். வியாழக்கிழமை காலையில் அவைத்தலைவர் பட்டியல் மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஓட்டெடுப்புக்கு விடுவார். சபை மொத்தமும் "ஆம்" என்று ஒரு முனகல் முனகும். முடிந்தது, நாலு டஜன் மசோதாவும் தாண்டிப் போய்விடும்.

காப்பீட்டு மசோதா தாண்டிய அன்று, நொயெல்லாவின் பக்கத்து இருக்கைக்காரர் பெர்லி ஹட்சின்ஸ், அதாவது அந்த மேப்பிள் பாகுக்காரர், குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "பேனா மை தீர்ந்துபோச்சு, குடும்மா" என்றார். அவள் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே "ஆம்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அந்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, சர்ச்சின் கீழ்த்தளத்தில் பீன்ஸ் விருந்து. வெல்லப்பாகு ஊற்றிப் பகல் முழுக்க அடுப்பில் வெந்த பீன்ஸும், பன்றி இறைச்சியும், பழுப்பு ரொட்டியும் ஆவி பறக்க மேசையில் இருந்தன. நொயெல்லா கரண்டியோடு பானைக்குப் பின்னால் நின்றாள். வரிசையில் ஆஸ்கர் லெமே வந்தார், பின்னாலேயே அவர் மகன் ரெமி.

ஆஸ்கர் ஊரின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவர். குளிர்காலத்தில் அவர் முன்னால் போனால்தான் நொயெல்லாவின் பஸ் பின்னால் போகமுடியும். எதிரெதிரே வரும்போது இருவரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்கிக்கொள்வார்கள். அவர் மனைவி இறந்துவிட்டாள். ரெமிக்கு முப்பது தாண்டிவிட்டது, மனசு இன்னும் பத்து வயசில்தான் நிற்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வர ஆரம்பித்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பல வருஷம் போராடி, எந்த மருந்தை எதோடு சேர்த்துக் கொடுத்தால் அவனுக்கு அடங்கும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அந்த டாக்டர், அந்த மருந்து, எல்லாமே ஆஸ்கருக்கு ஊராட்சி தருகிற காப்பீட்டில்தான் நடக்கிறது. ஏழைகளுக்கான அரசாங்கத் திட்டத்தை அந்த டாக்டரம்மா ஏற்பதில்லை.

"மிஸஸ் பி, கருகினது!" என்றான் ரெமி.

பானை ஓரத்தில் ஒட்டிக் கருகிய பீன்ஸ்தான் அவனுக்குப் பிடிக்கும். நொயெல்லா அதைச் சுரண்டித் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

"உனக்குத்தான்டா ஒளிச்சு வெச்சிருக்கேன். சத்தம் போடாதே, மத்தவங்க சண்டைக்கு வந்துடுவாங்க."

அப்போதுதான் வெண்டல் ஃபாஸ் தட்டோடு வந்து நின்றார். ஊராட்சிக்குக் காப்பீடு பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட் அவர். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தியையும் கல்யாணப் பத்திரிகை நீட்டுகிற மாதிரிச் சொல்வார்.

"ஆஸ்கர்! உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன். ஜூலையில பிளானைப் புதுப்பிக்கிறோம். ரெமிக்கு நீங்க வேற ஏற்பாடு பார்த்துக்குங்க. அவன் பேரு இனிமே வராது."

"ஏன் வராது?"

"வயசு ஆகிப்போச்சே! இருபத்தாறு தாண்டினவங்க யாரும் அப்பா அம்மா இன்சூரன்ஸ்ல இருக்க முடியாது. புதுச் சட்டம் வருது. கம்பெனியில இப்பவே தயாரா இருங்கன்னு சொல்லிட்டாங்க." நொயெல்லா கரண்டி பிடித்திருந்த கையை முள்கரண்டியால் காட்டினார். "நம்ம நொயெல்லா கமிட்டியில பாஸ் பண்ணினதுதான்."

நொயெல்லா பானையிலிருந்து நிமிர்ந்தாள்.

"உளறாதீங்க வெண்டல். அது சும்மா வாஷிங்டன் சட்டத்தோட நம்ம சட்டத்தை ஒத்துப்போக வைக்கிறது. வேற ஒண்ணுமில்லை."

"அதையேதாங்க நானும் சொல்றேன். வாஷிங்டன் சட்டம் இருபத்தாறு வயசு வரைக்கும்னு சொல்லுது. ரெமி மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு அதுல தனியா ஒண்ணும் கிடையாது. தன் பொழப்பைத் தானே பார்த்துக்க முடியாத பிள்ளைக்கு வயசு வரம்பே இல்லைங்கறது நம்ம மாநிலச் சட்டத்துலதான் இருந்துச்சு. இப்போ ரெண்டும் ஒண்ணாகப் போகுது, அது போயிடும். இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க, பிரமாதமா இருக்கு."

கரண்டி அந்தரத்தில் நின்றது. பாகு சொட்டுச் சொட்டாக மேசைவிரிப்பில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் இவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"நொயெல்லா," என்றார் ஆஸ்கர் மெதுவாக. "நெசமா?"

"எனக்குத் தெரியாது ஆஸ்கர்."

"நீ அங்கேதானே இருந்தே?"

"இருந்தேன்."

"கையைத் தூக்கினியா?"

"தூக்கினேன்."

"அப்புறம் தெரியாதுங்கறே?"

ஆஸ்கர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் அவளை அடையாளம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு, ரெமியின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியேறிவிட்டார். "அப்பா, என் பீன்ஸ்! கருகினது!" என்று ரெமி கத்திக்கொண்டே போனது கடைசிப் படி வரை கேட்டது.

ஞாயிறு காலையில் நொயெல்லா சர்ச்சுக்குப் போகவில்லை. சமையலறை மேசையில் மசோதாவை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் படிப்பது அன்றுதான் முதல் முறை. எங்கள் மாநிலத்தில் நீக்கப்போகிற சட்டத்தை மசோதாவிலேயே அச்சடித்து, மேலே கோடு போட்டு அடித்துக் காட்டுவார்கள். எதையும் ஒளிக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் பழைய பத்தி முழுசாக இருந்தது, தலையிலிருந்து வால் வரை கோடு. வால்பகுதியில், கோட்டுக்கு அடியில், எழுத்து தெளிவாகவே தெரிந்தது: உடல் அல்லது மனக் குறையால் தானே பிழைக்க முடியாத பிள்ளைக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது. நான்காம் வகுப்புப் பிள்ளைகூடப் படித்துப் புரிந்துகொள்ளும்.

யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் ஏமாற்றவில்லை. காகிதம் இரண்டு மாதமாக அவள் பையிலேயே கிடந்திருக்கிறது.

ரெமி பள்ளிக்குப் போன காலமெல்லாம் அவள் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருவான். கண்ணாடியில் அவன் இமை துடிக்கிற விதத்தைப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள், இதோ வரப்போகிறது என்று. உடனே வண்டியை ஓரம் கட்டி, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் கோட்டைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்து, அடங்கும் வரை காதருகே பேசிக்கொண்டே இருப்பாள். மற்ற பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை தடவை அவன் தலையைத் தாங்கிய கை இது. இதே கைதான் யாருக்கும் எதுவும் மாறாது என்று எழுதியது. அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

குழுத் தலைவருக்கு ஃபோன் போட்டாள். அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பதற்றம் என்றால் என்னவென்றே தெரியாதவர்.

"அடடா," என்றார். "அப்படியா இருக்கு?"

"நீங்க படிக்கலையா?"

"காப்பீட்டுத் துறையில இருந்து வந்தது நொயெல்லா. எல்லாம் பார்த்துத்தான் அனுப்பியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். நீங்கதானே பத்தி எழுதினீங்க? நீங்க படிச்சிருப்பீங்கன்னு நான் நெனைச்சேன்."

"நீங்க படிச்சிருப்பீங்கன்னு நான் நெனைச்சேன்!"

அவர் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இப்போ அது மேலவைக்குப் போயிடுச்சு," என்றார் அவர் கடைசியில். "செவ்வாய்க்கிழமை அங்கே விசாரணை. யாராவது கவனிச்சா திருத்துவாங்க."

"யாரு கவனிப்பாங்க?"

நொயெல்லாவுக்கு வந்த அதிர்ச்சியில் ஃபோனை வைக்கக்கூடத் தோன்றவில்லை. இருபது பேர் கொண்ட குழு. ஒருவர்கூடப் படிக்கவில்லை! ஒவ்வொருவரும் அடுத்தவர் படித்திருப்பார் என்று நம்பி, நிம்மதியாகக் கையைத் தூக்கியிருக்கிறார்கள். இவர்களை நம்பித்தான் நாங்கள் எல்லாரும் இரவில் கண்ணை மூடித் தூங்குகிறோம்.

திங்கட்கிழமை மறுபடியும் பனி. பழைய ஆலைச் சாலையில் ஆஸ்கரின் வண்டி எதிரே வந்தது. நொயெல்லா வழக்கம்போலக் கையைத் தூக்கினாள். ஆஸ்கர் நேராகச் சாலையைப் பார்த்தபடியே போய்விட்டார். அவர் தள்ளிவிட்ட பனி பஸ்ஸின் பக்கவாட்டில் சடசடவென்று அடித்தது. பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். அவளுக்குக் கண் கலங்கி வழி தெரியவில்லை.

மேலவைக் குழுவுக்குத் தலைவர் எஸ்ரா கோல்பி. லாம்சனிலிருந்து எல்லை வரை யார் செத்தாலும் அவர்தான் அடக்கம் செய்வார். கறுப்புக் கோட்டு, தாழ்ந்த குரல், மூக்கு நுனியில் கண்ணாடி. நொயெல்லா சாட்சி நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் புன்னகைத்தார்.

"வாங்க மேடம் பெல்ஷா. உங்க மசோதாவை ஆதரிச்சுப் பேச வந்தீங்களாக்கும்?"

"எதிர்த்துப் பேச வந்தேன்."

அறையில் சிரிப்பு எழுந்தது. கோல்பி ஒரு காகிதத்தை எடுத்து, பிரேதத்துக்கு முன்னால் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். "'இதனால் யாருக்கும் எதுவும் மாறாது.' கீழே பெல்ஷான்னு போட்டிருக்கு. இது யாரும்மா எழுதினது?"

"நான்தான்."

"அப்போ நான் எந்த பெல்ஷாவை நம்பணும்? காகிதத்துல இருக்கறவங்களையா, நாற்காலியில இருக்கறவங்களையா?"

"நாற்காலியில இருக்கறவளை நம்புங்க. காகிதத்துல இருக்கறவ மசோதாவைப் படிக்கலை."

அந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. ஆனால் வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். காப்பீட்டுக் கம்பெனிக்கு ஆதரவு திரட்ட வந்து சுவரோரம் நின்ற ஆள்கூடக் கைபேசியை இறக்கிவிட்டான்.

நொயெல்லா ரெமியைப் பற்றிச் சொன்னாள். கருகின பீன்ஸைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டாள், பதற்றத்தில் நிறுத்தத் தெரியவில்லை. கோல்பி குறுக்கே பேசவில்லை. அவள் முடித்ததும் மசோதாவை எழுதிய காப்பீட்டுத் துறை வழக்கறிஞரைக் கூப்பிட்டார். சட்டக் கல்லூரி முடித்துச் சில வருஷமே ஆன ஆள், காதெல்லாம் சிவந்திருந்தது.

"ஏங்க, அந்த வரியை ஏன் அடிச்சீங்க?"

"ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல வித்தியாசம் இருந்துச்சு சார். வித்தியாசம் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாங்க."

"என்ன வித்தியாசம்?"

"மாநிலச் சட்டம் கொஞ்சம் அதிகமா குடுத்துட்டு இருந்துச்சு."

"அதிகமா குடுக்கக் கூடாதுன்னு வாஷிங்டன் சொல்லுதா?"

"இல்லை சார். இவ்வளவாவது குடுத்தே ஆகணும்னுதான் சொல்லுது. அதிகமா குடுத்தா அவங்களுக்கு ஒண்ணும் இல்லை."

"அப்புறம் ஏன்?"

வழக்கறிஞர் உண்மையைச் சொன்னார். "ஒத்துப்போகணும்னு சொன்னாங்க சார். ஒத்துப்போக வெச்சோம். இதுல நெசமா ஒரு ஆள் இருப்பாருன்னு எங்களுக்குத் தோணலை."

நொயெல்லாவால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, எங்க ஊர்ல ஒரு விதி இருக்கு. பஸ்ஸு மெயின் ரோட்டுல நின்னா போதும், பிள்ளைங்க நடந்து வரணும். நான் பனிக்காலத்துல கடைசி வீட்டு வாசல் வரைக்கும் போறேன். போகாதேன்னு எந்த விதியும் சொல்லலை. நாளைக்கு எவனாவது வந்து, விதியோட ஒத்துப்போறோம்னு அந்தக் குழந்தையை ரோட்டுல நிக்க வெச்சா, அதுக்குப் பேரு என்ன?"

வழக்கறிஞர் மசோதாவைப் புரட்டி அந்த வரியைத் தேடினார்.

விசாரணை முடிந்ததும் கோல்பி அவளைத் தாழ்வாரத்தில் ஓரமாக அழைத்துப் போனார்.

"அந்த வரியைத் திரும்பச் சேர்த்து அனுப்பறோம். அது ஒண்ணும் பெரிய வேலை இல்லை."

"மசோதாவையே குப்பையில போட்டா என்ன?"

"மத்ததெல்லாம் தேவைம்மா. நம்ம சட்டம் சரியில்லைன்னா வாஷிங்டன் ஆளுங்களே இங்க வந்து நாற்காலி போட்டு உக்காந்துடுவாங்க. அதைவிட நான் சவப்பெட்டியில படுத்துக்குவேன்." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. திருத்தினது உங்க சபைக்குத் திரும்பி வரும். அங்கே ஒத்துக்கிட்டாத்தான் சட்டம். அன்னிக்கு நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"ஏன்?"

"நீங்க பேசினா இன்னொருத்தர் பேசுவார். சுவரோரம் நின்னானே, அவன் நாலு பேரைப் பிடிச்சு, அதிகச் செலவு அது இதுன்னு கிளப்பிவிடுவான். வரி மறுபடியும் காணாமப் போகும். யாரும் படிக்காம இருக்கறவரைக்கும்தான் உங்க ரெமிக்கு நல்லது."

எந்தப் பழக்கம் ரெமியைக் கிணற்றில் தள்ளியதோ, அதே பழக்கத்தின் கையைப் பிடித்துத்தான் அவனை மேலே தூக்கவேண்டுமாம். இதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் சாதாரணமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு யாருடைய சவ அடக்கத்துக்கோ கிளம்பிப் போனார்.

மே மாதத்தில் அந்த நாள் வந்தது. நொயெல்லா ஆஸ்கரின் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி, இறங்காமலே, தேதியைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அன்று காலை பார்வையாளர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தால், மனைவியின் அடக்கத்துக்குப் போட்ட அதே கோட்டில் ஆஸ்கர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ரெமி, தலையைப் படிய வாரிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தான். அவளைக் கண்டதும் கையை ஆட்டினான்.

அவைத்தலைவர் வரிசையாக மசோதா எண்களைப் படித்தார். மேலவைத் திருத்தத்தை ஏற்கலாம் என்று குழுத் தலைவர் ஒவ்வொன்றுக்கும் எழுந்து எழுந்து முன்மொழிந்தார். நொயெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து கத்தவேண்டும் போல இருந்தது. படியுங்களேன், ஒரு தடவை படித்துவிட்டுச் சொல்லுங்களேன், அதோ மாடத்தில் உட்கார்ந்திருக்கிறானே, அவனைப் பற்றித்தான்! படித்தால் இவர்களில் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். மீதிப் பாதி எவ்வளவு செலவு என்று கேட்பார்கள். அவள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சுற்றிலும் ஒருவர் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் பேத்தியின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பெர்லி குறுக்கெழுத்தை மடியில் வைத்துக்கொண்டு சட்டைப் பையையும் கோட்டுப் பையையும் மாறி மாறித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பீட்டு மசோதாவின் எண் வந்தது. "ஏற்பவர்கள்?"

"ஆம்," என்று சபை முனகியது.

"எதிர்ப்பவர்கள்?"

சத்தமே இல்லை. அந்த நிசப்தத்தில், மேலே மாடத்திலிருந்து, கொஞ்சம் தாமதமாக, தொண்டை கிழிய ஒரு "ஆம்!" வந்தது. ரெமி எழுந்து நின்றிருந்தான். சபை முழுவதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. "மாடத்துக்கு ஓட்டு இல்லை, நண்பா," என்று அவைத்தலைவர் சிரித்துக்கொண்டே சுத்தியலைத் தட்டினார். அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்.

இடைவேளையில் நொயெல்லா வெளியே ஓடி வந்தபோது ஆஸ்கர் படியிறங்கிக்கொண்டிருந்தார். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அந்த முகத்தில் கண்ணீர் வழிந்து அவள் பார்த்ததே இல்லை, மனைவியின் அடக்கத்தன்றுகூட.

"அத்தனை பேரும் சொன்னாங்க நொயெல்லா," என்றார். "அத்தனை பேரும் என் பையனுக்காக ஆம்னு சொன்னாங்க. ஒருத்தர்கூட இல்லைன்னு சொல்லலை. நான் உன்னைத் தப்பா நெனைச்சிட்டேன். இவங்களையெல்லாம் தப்பா நெனைச்சிட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? எப்படிச் சொல்வது?

"இரு, இவங்களுக்கு நன்றி சொல்லணும்," என்று அவளைத் தாண்டிப் போனார். சபை வாசலில் ரெமியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வெளியே வருகிற ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "நன்றிங்க. ரொம்ப நன்றிங்க. மறக்கவே மாட்டேன்." கை குலுக்கிப் பழகிய கூட்டம்தானே. "அதுக்கென்ன, எப்பவும் உங்களுக்காகத்தான் இருக்கோம்," என்று சிரித்தார்கள். "பார்க்க சந்தோஷம்," என்றார்கள். ஒருவர் ரெமியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

நொயெல்லா தூணில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்லி ஒரு டோனட்டைக் கடித்துக்கொண்டே அவளிடம் வந்தார்.

"யாரும்மா அந்த ஆளு? என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அவரு பையனோட மருந்தை நீங்க காப்பாத்திக் குடுத்தீங்க பெர்லி."

பெர்லி மெல்லுவதை நிறுத்தினார். "நானா? எப்போ?"

"இப்பத்தான்," என்றாள் நொயெல்லா. "நீங்க பேனாவைத் தேடிட்டு இருந்தப்போ."